டிக்கியில ஒரு லைட் வையுங்க

போன வாரம் ராத்திரி பதினொரு மணி இருக்கும். கழனிக்குத் தண்ணி பாய்ச்சிட்டு, மோட்டார் கொட்டாயைப் பூட்டிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். திருமழிசை தாண்டி, பெங்களூரு ரோட்டுலேர்ந்து எங்க ஊருக்குத் திரும்புற இடத்துல ஒரு கார் நின்னுட்டிருந்தது. அங்க தெருவிளக்கு கிடையாது. முன்பக்க டயர் பஞ்சர். வண்டி ஓட்டிட்டு வந்த தம்பி செல்போனை வாயில கவ்விக்கிட்டு, அந்த வெளிச்சத்துல கீழ விழுந்த வீல் நட்டைத் தேடிக்கிட்டிருந்தார். அவர் வீட்டம்மா குழந்தையைத் தூக்கிக்கிட்டு வேலி ஓரமா நின்னாங்க. ஒவ்வொரு லாரி போறப்பவும் அந்தப் பொண்ணு ரெண்டடி பின்னால போச்சு.

என் பையில இருந்த லைட்டை எடுத்து டயருக்கு மேல தகட்டுல ஒட்டினேன். நட்டு காலுக்குப் பக்கத்துலயே கிடந்தது. கால் மணி நேரத்துல டயர் மாத்தி முடிச்சோம். கிளம்பறப்போ அந்தத் தம்பி கேட்டார், "அண்ணா, இந்த மாதிரி லைட் வாங்கணும்னா எதைப் பார்த்து வாங்கணும்?" நடு ராத்திரியில ரோட்டுல நின்னு சொல்ற விஷயமில்ல. அதான் இங்க எழுதறேன். அவர் படிக்கிறாரோ இல்லையோ, கார் வெச்சிருக்கற நீங்க படிங்க.

கீரை போடறவனுக்கு லைட்டைப் பத்தி என்ன தெரியும்னு நினைப்பீங்க. எங்க பொழப்பே ராத்திரிதான். சாயங்காலம் கீரை பறிச்சு, கட்டு கட்டி, ரெண்டு மணிக்கெல்லாம் குட்டியானையில ஏத்திக்கிட்டு கோயம்பேடு கிளம்பணும். விடிஞ்சு போனா கீரையும் வாடிடும், விலையும் வாடிடும். வண்டி வழியில படுத்துடுச்சுன்னா அந்நேரத்துக்கு எந்த மெக்கானிக்கும் வரமாட்டார். அதனால பெல்ட் மாத்தறது, ஃபியூஸ் பார்க்கறது, பேட்டரி டெர்மினல் சுரண்டறது எல்லாம் நானே கத்துக்கிட்டேன். அத்தனையும் இருட்டுல செய்யற வேலை.

ரெண்டு கட்டை டார்ச்சுல ஆரம்பிச்சேன். அதை ஒரு ஆள் பிடிக்கணும். அப்புறம் கம்பிக் கூண்டுக்குள்ள 100 வாட் குண்டு பல்பு, நீள ஒயரு. வீட்டு பிளக்குலேர்ந்து இழுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போறது. பழைய மெக்கானிக் கடையில எல்லாம் பார்த்திருப்பீங்க. வெளிச்சம் பிரமாதம்தான். ஆனா கூண்டு கையைச் சுடும். சூடான கண்ணாடி மேல ஒரு சொட்டு தண்ணி பட்டா பட்டுனு வெடிக்கும். பெட்ரோல் கசியற வண்டியா இருந்தா அதோட முடிஞ்சுது கதை.

இதுல என்னை உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. நான் தெரியாம செஞ்சவன் இல்ல. பன்னண்டாவது முடிச்சுட்டு ரெண்டு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பட்டறையில வேலை பார்த்தேன். தொட்டிக்குள்ள இறங்கி வேலை செய்யறப்போ அங்க குடுக்கற கைவிளக்கு 24 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு குறைச்சுத்தான் தருவாங்க. ஏன்னு கேட்டதுக்கு எங்க சூப்பர்வைசர் விளக்கமா சொன்னார். 1948ஆம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டத்துல அப்போ 36ஏ-ன்னு ஒரு பிரிவு இருந்தது. தொட்டி, குழி, குழாய் மாதிரி அடைசலான இடத்துக்குள்ள, தகுந்த பாதுகாப்பு சாதனம் இல்லாம 24 வோல்ட்டுக்கு மேல கைவிளக்கு கொண்டுபோகக் கூடாதுன்னு அதுல இருந்தது. வண்டிக்கு அடியில படுத்தா அதுவும் அதே அடைசல்தானே? அது தெரிஞ்சும் வீட்டுல வருஷக்கணக்கா 230 வோல்ட்டையே இழுத்துக்கிட்டிருந்தேன். நம்ம வீடுதானே, என்ன ஆயிடும்னு ஒரு அலட்சியம்.

பன்னண்டு வருஷம் முன்னாடி, ஐப்பசி மாசம். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகல, தரையெல்லாம் ஈரம். ரெண்டு மணி லோடுக்கு வண்டி ஸ்டார்ட் ஆகல. நான் அடியில படுத்திருக்கேன், எங்க வீட்டம்மா கூண்டு பல்பைப் பிடிச்சுக்கிட்டிருக்கா. "சரியா காட்டு, கையை ஆட்டாத"ன்னு நான் கத்தறேன். அவ ஒயரை இன்னொரு கைக்கு மாத்தினா. டேப் சுத்தின ஒட்டு நனைஞ்சிருந்தது. ஒரு சத்தம்தான் கேட்டுது. பல்பு விழுந்து உடைஞ்சு ஒரே இருட்டு. எனக்கு வெளிய வர வழி தெரியல. திண்ணையில படுத்திருந்த பையன் ஓடிப்போய் மெயினை இறக்கினான்.

உயிருக்கு ஒண்ணும் ஆகல. வலது கையில ரெண்டு விரல் வெந்துபோச்சு. தழும்பு இன்னும் இருக்கு. அவ அதைப் பத்தி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. நானா நினைச்சுக்கறதுதான். அன்னிக்குக் கீரை கோயம்பேடு போகல, மாட்டுக்குப் போச்சு.

அதனால, லைட் வாங்கறதுல என் முதல் கணக்கு வெளிச்சம் இல்ல. மெயின் கரண்ட் ஒயர் கூடாது. இன்னொரு ஆள் பிடிக்கவும் கூடாது. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

சார்ஜ் போடற எல்இடி ஒர்க் லைட்டுல நாலு விஷயம் பாருங்க.

ஒண்ணு, பிடிமானம். அடியில காந்தம், மேல கொக்கி, ரெண்டும் வேணும். காந்தம் மட்டும் போதாது. பம்பர் பிளாஸ்டிக், சில கார்ல பானெட் அலுமினியம், ரெண்டுலயும் ஒட்டாது. கொக்கி இருந்தா பானெட்டுக்குள்ள எங்கயாவது மாட்டிக்கலாம். தலையை மடக்கித் திருப்ப முடியுதான்னும் பாருங்க. கடையில இரும்பு ரேக்குல ஒட்டிவிட்டு உலுக்குங்க. நழுவுச்சுன்னா வேணாம்.

ரெண்டு, லூமென் கணக்கு. பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமென். ஒரு கை தூரத்துல வேலை செய்ய 300லேர்ந்து 500 தாராளம். அதுக்கு மேல போனா உலோகத்துல பட்டு கண்ணைத்தான் கூசும். டார்ச் மாதிரி ஒரே புள்ளியா அடிக்காம, பட்டையா பரவற லைட்டா இருக்கணும்.

இப்போ அட்டைப்பெட்டியில போடற பொய்யைப் பிடிக்கற வழி. உள்ள இருக்கற பேட்டரி பெரும்பாலும் விரல் தடிமன்ல இருக்கற 18650 செல். அது 3.7 வோல்ட், 2200 எம்ஏஹெச்னா, பெருக்கினா சுமார் 8 வாட்-அவர். ஒரு வாட்டுக்கு 100 லூமென்னு வெச்சுக்குங்க. 400 லூமென்ல எரிஞ்சா 4 வாட், ரெண்டு மணி நேரம் வரும். பெட்டியில '2000 லூமென், 10 மணி நேரம்'னு போட்டிருந்தா அதுக்கு 200 வாட்-அவர் வேணும். சின்ன காரோட 12 வோல்ட், 35 ஆம்பியர் பேட்டரியே மொத்தம் 420தான். அதுல பாதி உங்க உள்ளங்கையில அடங்குமா? நான் ஒருதடவை இந்தக் கணக்கு போடாம வாங்கி ஏமாந்தேன். முப்பதாவது நிமிஷம் மின்மினிப்பூச்சி ஆயிடுச்சு.

மூணு, நிறம். இதை யாரும் சொல்லமாட்டாங்க. நான் கீரையில கத்துக்கிட்டேன். மட்டமான நீல வெள்ளை வெளிச்சத்துல சிவப்புத் தண்டுக்கீரை செத்துப்போன நிறமா தெரியும். வண்டியிலயும் அதேதான். சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒண்ணா தெரியும். கீழ சொட்டறது ஆயிலா, கூலன்ட்டா, வெறும் ஏசி தண்ணியான்னு குழம்புவீங்க. பெட்டியில சிஆர்ஐ 80, 90னு போட்டிருந்தா நல்லது, 90 இன்னும் நல்லது. போடலைன்னா கடையிலயே போட்டு உள்ளங்கையைப் பாருங்க. ரத்த ஓட்டமுள்ள கை மாதிரி தெரியணும்.

நாலு, தண்ணியும் அடியும். ஐபி65னு இருந்தா 6 தூசிக்கு, 5 பீய்ச்சற தண்ணிக்கு. நம்ம மழைக்கு அது போதும். முழுசா தண்ணிக்குள்ள விழுந்தா தாங்க ஐபி67 வேணும். சார்ஜ் பின் டைப்-சியா இருந்தா உங்க போன் சார்ஜரே ஆகும். பின் மேல ரப்பர் மூடி இருக்கான்னு பாருங்க.

விலை ஆயிரம் ரூபாய்க்கு முன்ன பின்ன ஆகும். எனக்கு 850 ஆச்சு, மூணு வருஷமா உழைக்குது. ஆன்லைன்ல படம் பார்த்து வாங்காதீங்க. பாரிமுனைக்கோ ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ போய் கையில பிடிச்சுப் பார்த்து வாங்குங்க. மாசம் ஒருதடவை சார்ஜ் போடணும். சித்திரை வெயில்ல டேஷ்போர்டு மேல வைக்காதீங்க, லித்தியம் செல் சூட்டுல கெட்டுடும். உப்பிப்போச்சுன்னா யோசிக்காம மாத்திடுங்க. இன்னொண்ணு, வெளிச்சம் இருக்குன்னு வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க. அந்தத் தப்புக்கு எந்த லைட்டும் உதவாது.

இதை வாங்கிட்டு வந்த அன்னிக்கு வீட்டம்மா கையில குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தா. எவ்ளோன்னு கேட்பான்னு நினைச்சேன். "இதுக்கு ஒயர் இல்லியா?"ன்னு கேட்டா. இல்லன்னேன். சரின்னு குடுத்துட்டு உள்ள போயிட்டா.

இப்போல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு நான் வண்டியைப் பார்க்கறப்போ அவ தூங்கறா. நீங்களும் இன்னிக்கு ஒருதடவை உங்க டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியில காத்து இருக்கா, பக்கத்துல ஒரு லைட் இருக்கான்னு பார்த்துடுங்க.