மறுகரை நாடா

செய்யாற்றங்கரையில், ஞானசம்பந்தர் பாடிய மாகறலில் எங்கள் இல்லம். கோர்வைப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், நாடாக்கள் மூன்று. இரண்டைத் தந்தையார் ஓட்ட, மறுகரை நாடாவை வீச ஓர் உதவியாள் வேண்டும். பள்ளி விட்டதும் அண்ணனும் நானும் முறைவைத்து அமர்வோம்.

வேலை ஒன்றே. அண்ணனுக்குக் கற்கும் வேட்கை மிகுதி. அறுந்த இழைகளைத் தாமே கேட்டு வாங்கிப் பிணைத்தார், ஈராண்டில் முந்தி நெய்யவும் பழகினார். எனக்கோ பேச்சுத்துணை இன்றேல் கை ஓடாது. நாடாவின் தாளத்திற்கு மனப்பாடச் செய்யுளை ஒப்பிப்பேன்; தந்தையார் பிழை திருத்துவார். தறிக்குழியே என் வகுப்பறையாயிற்று.

பணியாளர் தம் பணியைத் தாமே மாற்றி வடித்துக்கொள்வதை 2001இல் ஆமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் விளக்கினர். செய்யும் செயல், பழகும் மனிதர், வேலையை நோக்கும் பார்வை ஆகிய மூன்றும் இவ்வாறு மாறக்கூடும் என்றனர். படித்தபோது அண்ணன்தான் நினைவில் நின்றார்.

ஆயினும் பாவும் சரிகையும் தருபவர் முதலாளி. நிறமும் கூலியும் அவர் சொற்படியே. அங்கே அண்ணனின் வேட்கை செல்லுபடியாகவில்லை. இன்று அவர் பிள்ளைகள் கல்லூரியில் பயில்கின்றனர், நல்லதே. மறுகரைக்கு ஆளின்றிக் கோர்வையைக் கைவிட்டு, ஒரே நிறச் சேலையைத் தனியே நெய்கிறார்.