எட்டு நிமிஷம்

ஒரு நாள் இராத்திரி சாப்பாடு முடிந்து வெற்றிலை மடிக்கும் சமயத்தில் உங்கள் வீட்டில் யாராவது, "வெளிநாட்டுக்கு ஒரு தடவை போய் வரலாமா?" என்று கேட்டால், உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எதற்கு என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. சிங்கப்பூர்க் கடைவீதியும் சுவிட்ஜர்லாந்துப் பனிமலையும் என் மனக்கண் முன்னால் வந்து நின்றன. "பேஷாகப் போகலாமே!" என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி நினைத்தது வேறு. கடலில் 3.8 கிலோ மீட்டர் நீந்த வேண்டும். கரையேறி, சைக்கிளில் 180 கிலோ மீட்டர் போக வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கி, 42.2 கிலோ மீட்டர் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில், 17 மணி நேரத்துக்குள். இந்தப் போட்டிக்கு 'அயர்ன்மேன்' என்று பெயர். இரும்பு மனிதன் என்று பொருள்.

"இரும்பு மனிதன்தானே? நீ எதற்கு?" என்று கேட்டேன். அவளுக்கு இதன் சரித்திரமே மனப்பாடம். 1978-ஆம் வருஷம் ஹவாய்த் தீவு ஒன்றில் 15 ஆண்கள் இதை முதன்முதலாக ஆரம்பித்தார்களாம். 12 பேர்தான் முடித்தார்களாம். மறு வருஷமே லின் லமேர் என்ற பெண்மணி வந்து கலந்துகொண்டு, ஆண்களோடு சேர்த்துப் பார்த்தாலும் ஐந்தாவதாக வந்துவிட்டாளாம். நான் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டேன். பேசாமல் இருப்பதற்கு அது நல்ல உபாயம்.

என் மனைவி கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவள். எங்களுக்கு எட்டு வயதில் ஒரு பெண். குழந்தையை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டு, குளத்தோரம் துண்டை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது என்று இவளும் இறங்கினாள். அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. சிறு வயதிலே கற்றவர்களுக்குத் தண்ணீர் தாய்வீடு. பிறகு கற்றவர்களுக்கு அது புக்ககந்தான். எவ்வளவு பழகினாலும் உள்ளூர ஓர் உதறல் இருக்கும்.

அந்த உதறலின் முழு ரூபத்தையும் 2022-ஆம் வருஷம் கோவாவில் பார்த்தோம். இதில் சரிபாதித் தூரத்துக்கு அங்கே ஒரு போட்டி நடந்தது. நீச்சல் 1.9 கிலோ மீட்டர். அதற்கு 1 மணி 10 நிமிஷம் கெடு. தாண்டினால் அப்படியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இவள் 1 மணி 6 நிமிஷத்தில் கரையேறினாள், சைக்கிளும் ஓட்டமும் முடித்தாள், புகைப்படத்தில் சிரித்தாள். அன்று இராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் சொன்னாள். நடுக்கடலில் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். கரை தெரியவில்லை. வழி காட்டும் மிதவையும் தெரியவில்லை. எந்தப் பக்கம் நீந்துவது என்று புரியாமல், மல்லாந்து ஆகாயத்தைப் பார்த்தபடி சிறிது நேரம் மிதந்தாளாம்.

"குழந்தை ஞாபகம் வந்துடுச்சு" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

இனி இந்தப் பேச்சே எழாது என்று நினைத்தேன். அப்படி நினைத்த நான்தான் சில மாதங்களுக்குப் பிறகு, மேலே சொன்னபடி, வெற்றிலையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

எந்த ஊருக்குப் போவது? இந்த முழுத்தூரப் போட்டி உலகத்தில் பல ஊர்களில் நடக்கிறது. ஹவாய்க்கு ஆசைப்பட்டேன். அங்கே பணம் கட்டிய மாத்திரத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வேறு போட்டிகளில் தகுதி பெற்று வர வேண்டும். ஜெர்மனியில் ரோத் என்ற ஊரைச் சொன்னேன். அங்கே பதிவு ஆரம்பித்தால் கண் மூடித் திறப்பதற்குள் இடம் நிரம்பிவிடுகிறதாம். கடைசியாக என் ஓட்டை மலேசியாவிலுள்ள லங்காவித் தீவுக்குப் போட்டேன். பக்கத்து ஊர், டிக்கெட் மலிவு, நம் நாக்குக்கேற்ற சாப்பாடு. இதைவிட என்ன வேண்டும்?

அவள் ஒரு காகிதத்தை எடுத்தாள். "பாதித் தூரத்துக்கு ஒரு மணி ஆறு நிமிஷம். முழுசுக்கு ரெண்டு மணி பன்னிரண்டு. கெடு ரெண்டு மணி இருபது. மிச்சம் எட்டு நிமிஷம். அதுவும் ரெண்டாவது பாதியிலே கை ஓயாம இருந்தால்!"

எட்டு நிமிஷம்! நான் காப்பி ஆற்றுகிற நேரம். அந்த எட்டு நிமிஷத்தை எந்த ஊர் கூட்டிக் கொடுக்கும் என்பதுதான் அவள் கேள்வி. டிக்கெட் விலையை வைத்துக்கொண்டு நான் தேசம் தேடினேன்; அவள் தண்ணீரின் சூட்டை வைத்துத் தேடினாள்.

விஷயம் இதுதான். குளிர்ந்த கடலில் நீந்துவதற்கென்று உடம்போடு ஒட்டிய ரப்பர் உடுப்பு ஒன்று உண்டு. குளிர் தாங்குவதற்கு மட்டுமல்ல, உடம்பை மேலே தூக்கி மிதக்கவும் வைக்கும். என் மனைவி மாதிரி கால் தாழ்ந்து நீந்துகிறவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் தண்ணீரின் உஷ்ணம் 24.5 டிகிரிக்குள் இருந்தால்தான் அதைப் போட்டுக்கொண்டு போட்டியில் சேரலாம். லங்காவிக் கடலோ நம் வீட்டு வெந்நீர் மாதிரி. உடுப்புக்கு இடமில்லை. சைக்கிள் பாதையிலும் ஏற்ற இறக்கம், அதன்மேல் வெயில். என் மலிவு டிக்கெட் அங்கேயே கிழிந்தது.

அவள் கண்டுபிடித்த ஊர் பஸல்டன். மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 220 கிலோ மீட்டர். டிசம்பர் ஆரம்பத்தில் போட்டி. கடல் பொதுவாக உடுப்பு போடத் தக்க குளிர்ச்சியோடு இருக்கும். சாலை சமதரை, காற்று மட்டும் முகத்தில் அறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே கடலுக்குள் 1,841 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரப்பாலம் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்ட ஆரம்பித்த கப்பல் துறை. நீந்துகிறவர்கள் அந்தப் பாலத்தை ஒட்டிப் போய், அதன் முனையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும்.

படத்தில் பாலத்தின்மேல் விரலை வைத்து, "இது கண்ணுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்" என்றாள்.

நான் அதற்கப்புறம் லங்காவியின் பேரை எடுக்கவில்லை.

என் மாமியார் எடுத்தார்! 2017-ஆம் வருஷம் அதே பஸல்டனில் சுறா தென்பட்டதால் நீச்சலையே நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தியை எங்கிருந்தோ பிடித்துவிட்டார். "மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்று கண்ணைக் கசக்கினார். "கண்காணித்து நிறுத்தினார்களே, அதுவே நல்லதுதானே அத்தை" என்று சமாதானம் சொன்னேன். சொன்ன எனக்கே அது போதவில்லை.

பதிவுக் கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கியது. இந்த மாதிரிப் பணத்தைக் கட்டுமுன் திரும்பக் கொடுப்பார்களா, வருஷத்தைத் தள்ளிப்போட விடுவார்களா என்று நிபந்தனைகளை வரி விடாமல் வாசியுங்கள். ஊர் சிறிசு, கூட்டம் பெரிசு. ஆகையால் விசாவுக்கு மனுப் போட்ட கையோடு, ஜாகைக்கும் ஏற்பாடு செய்தோம். அடுப்பு வசதியுள்ள அறை. போட்டிக்கு முதல் நாள் புது ஊர்ச் சாப்பாட்டை வயிற்றில் சோதனை போடுவது புத்திசாலித்தனமல்ல. எங்களுடன் ஒரு சின்ன அரிசிக் குக்கரும், அந்த ஊர்ச் சாய்ந்த பிளக்குக்குத் தக்க சாதனமும் வந்தன. ரப்பர் உடுப்பை மாட்டிப் பார்க்கத்தான் சென்னையில் வழியில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் குளத்தில் போட்டுக்கொண்டு இறங்கினாள். கால் மணியில், ஆவியில் வெந்த இட்லி போல வெளியே வந்தாள்.

ஆஸ்திரேலியாக்காரர்கள் மண்ணுக்கும் விதைக்கும் பயப்படுகிறவர்கள். வேறு நாட்டுப் பூச்சி புகுந்தால் அவர்களுடைய பயிர் பாழ் என்ற கவலை, நியாயந்தான். சைக்கிள் டயரில் மாமல்லபுரம் சாலை மண் ஒரு துகள் இருக்கக்கூடாது என்று பழைய பல் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தேன். என் தாயார் அன்போடு வைத்த தேன் பாட்டில், கறிவேப்பிலைக் கொத்து இரண்டும் பெட்டியிலிருந்து கீழே இறங்கின. மேற்கு ஆஸ்திரேலியாவில் தேனுக்குத் தனித் தடை. கொண்டு போன கடலை மிட்டாயை மறைக்காமல் படிவத்தில் எழுதிக் கொடுத்தோம். ஒரு தொந்தரவும் இல்லை. மறைத்தால்தான் அபராதம்.

இப்போது என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். டிக்கெட் வாங்கும் பொறுப்பு என்னுடையது. நடுவில் விமானம் மாறுவதற்கு நாலு மணி அவகாசம் உள்ளது ஒன்று. எழுபது நிமிஷம் உள்ளது ஒன்று. இரண்டாவது மலிவு. வாங்கினேன், பெருமையும் பட்டுக்கொண்டேன். போட்டிக்கு மூன்று நாள் முன்னால் போனால் போதும், அறை வாடகை மிச்சம் என்றும் வாதாடினேன். அதில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குத் திங்கட்கிழமை இராத்திரியே போய் இறங்கினோம்.

நாங்கள் இறங்கினோம், சைக்கிள் பெட்டி இறங்கவில்லை. எழுபது நிமிஷத்தில் மனிதர்கள் ஓடி விமானம் மாறலாம். பெட்டிக்குக் கால் ஏது?

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாதம் வடித்தாள், மோர் ஊற்றினாள், "சாப்பிடுங்க" என்றாள். திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். வியாழக்கிழமை காலையில் பெட்டி ஒரு மூலை நசுங்கி வாசலுக்கு வந்தது. உள்ளே சைக்கிளுக்குச் சேதமில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என் யோசனைப்படி வியாழன் இராத்திரி வந்து இறங்கியிருந்தால், பெட்டி வந்து சேரும் நாள் ஞாயிறு! அவளும் எண்ணியிருப்பாள். கணிதம் படித்தவள் அல்லவா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பாட்டி வீட்டிலிருந்து குழந்தை பேசினாள். "அம்மா, பயமா இருந்தா அந்தப் பாலத்தைப் பிடிச்சுக்கலாமா?"

"பிடிச்சுக்கக் கூடாது கண்ணு. பார்த்துக்கிட்டே போகலாம்."

ஞாயிறு விடியற்காலையில் நூற்றுக்கணக்கான கறுப்பு உடுப்புக்கள் கடலில் இறங்கின. எது என் மனைவி என்று எனக்கே தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மணலில் நின்றேன். ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆயிற்று. ஐம்பத்தைந்து ஆயிற்று. ஒரு மணி ஐம்பத்தெட்டாவது நிமிஷம் தண்ணீரிலிருந்து எழுந்து, தள்ளாடி, நிமிர்ந்து, என்னைத் தாண்டிச் சைக்கிளைப் பார்த்து ஓடிய உருவந்தான் அவள். எட்டு நிமிஷம் இருபத்திரண்டு ஆகியிருந்தது.

முழுவதும் முடிக்க 16 மணி 20 நிமிஷம் ஆயிற்று. நம் ஊர் அங்கேயைவிட இரண்டரை மணி பின்தங்கியிருப்பதால் குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு, நடுங்கும் கையால் தொலைபேசியைப் பிடித்திருந்தாள் என் மனைவி.

"அம்மா, பாலம் தெரிஞ்சுதா?"

"போகும்போது தெரிஞ்சுதுடா" என்றவள் சற்று யோசித்தாள். "திரும்பி வரும்போது பார்க்க மறந்துட்டேன்."