கடைசல் உளிக்கு எந்தச் சாணை?

வேலூர் பாகாயத்தில் ஆரணி சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது அந்தக் கடைசல் பட்டறை. கட்டில் கால், மாடிப்படிக் கம்பு, பூரிக்கட்டை என்று எது ஓடினாலும் நடுநடுவே மெஷின் நின்றுவிடும். கடைசல்காரர் உளியைத் தூக்கிக்கொண்டு சாணைக்குப் போவார், வருவார். “இதுக்கே பாதி நாள் போவுது சார். புதுசா ஒரு சாணை வாங்கலாம்னு பாக்கறேன், எது நல்லா இருக்கும்?”

உளியைக் குறை சொல்ல முடியாது. 10 செ.மீ. விட்டமுள்ள கட்டை நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், அந்த ஒரு நிமிடத்தில் 314 மீட்டர் மரம் உளி முனையை உரசிப் போகிறது. தச்சு வேலையில் கொட்டாப்புளியால் அடித்து இறக்கும் உளிக்கு இந்தப் பாடு கிடையாது.

உளிகளை எடுத்துப் பார்த்தேன். பாதி, பழைய அரத்தைத் தட்டிச் செய்தவை. மீதி, கடையில் வாங்கிய ஹைஸ்பீடு ஸ்டீல். ஒவ்வொன்றாகக் கல்லில் தொட்டுக் காட்டச் சொன்னேன். அரத்தின் பொறி வெள்ளையாகக் கிளைவிட்டு மத்தாப்பு மாதிரி சிதறியது. ஹைஸ்பீடு உளியின் பொறி மங்கிய செம்மஞ்சளில், கிளையே இல்லாமல் ஓடியது. எந்தச் சாணை என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அரத்து இரும்பு 300 டிகிரியை நெருங்கும்போது நுனியில் நீலம் பூக்கும். பதம் போய்விட்டது என்று அர்த்தம், நீலம் தாண்டும்வரை தேய்த்துத் தள்ள வேண்டியதுதான். ஹைஸ்பீடு ஸ்டீல் 500 டிகிரிக்கு மேலும் தாங்கும். வெளிநாட்டுக் கடைசல்காரர்கள் கொண்டாடும் சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைடு) சக்கரம் அதற்கு அருமையானது, எளிதில் தேயாது. ஆனால் பதமில்லாத மெத்தென்ற இரும்பை வைத்தால் துகள் அப்பி அடைத்துக்கொள்ளும். விலையும் அதிகம். இந்தப் பட்டறைக்கு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லே போதும் என்றேன். 8 அங்குலக் கல், 2,800 சுற்று மோட்டாருக்குப் பதில் 1,440 சுற்று மோட்டார். சூடும் குறையும், அவசரமும் குறையும்.

ஆனால் கல்லைவிட முக்கியம், உளியை ஒரே கோணத்தில் பிடித்துத் தரும் ஜிக். அதைச் சொன்னதும் சிரித்தார். “இத்தினி வருசக் கை சார் இது!” கை நல்ல கைதான். ஆனாலும் குழி உளியின் சரிவில் மார்க்கரால் கறுப்படித்து, வழக்கம்போலக் கல்லில் தொடச் சொன்னேன். சரிவின் அடிப்பக்கம் மட்டும் மை அழிந்தது, முனையில் கறுப்பு அப்படியே இருந்தது. தேய்ந்தது இரும்பு, கூர் ஏறவில்லை. அவர் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மார்க்கரைக் கேட்டு வாங்கி அடுத்த உளிக்குத் தானே அடித்தார்.

கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதே பாகாயத்தில் பழைய பாடம் ஒன்று உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மருத்துவம் படிக்கும் முன் கட்டட வேலையும் தச்சும் பழகியவர். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியவர், 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் அமைத்து அந்த நோயாளிகளுக்கு மரவேலையும் பொம்மை செய்வதும் கற்றுத்தந்தார். தொழுநோயால் உணர்ச்சியற்ற கைக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. தன்னால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் திறந்துவிட்டதையும், அதில் அவன் விரல் எலும்புவரை வெட்டுப்பட்டிருந்ததையும் பிராண்ட் எழுதியிருக்கிறார். அங்கே தினமும் கைகளைக் கண்ணால் சோதித்தார்கள். மழுங்கிய உளி இன்னும் அழுத்தச் சொல்லும். நம் உள்ளங்கை வலித்துத் தடுக்கும், அவர்கள் கை தடுக்காது. அப்படிப்பட்ட பட்டறையில் சாணைக்குப் போவதைக் கைப்பக்குவத்துக்கு விட்டிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

கடைசல்காரருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் மைத்துனர் கொடுத்த தோல் துண்டு ஒன்று பட்டறைப் பலகையில் ஒட்டியிருந்தது. வழவழப்புக்கு ஓட்டும் சாய்வு உளியை மட்டும் பாலிஷ் சோப்பு தடவி அதில் இழுக்கிறார். அதை மாற்ற வேண்டாம் என்றேன்.

ஜிக்கை வெல்டிங் கடையில் செய்துகொள்வதாக முடிவாயிற்று. பழைய சாம்பல் கல் இடப்பக்கம் முரட்டு வேலைக்கு, வெள்ளைக் கல் வலப்பக்கம். “கல்லைத் தட்டிப் பாத்துதான் மாட்டுவேன் சார். கணீர்னு கேக்கலன்னா உள்ள விரிசல், அப்பவே கடைக்காரன் கிட்ட திருப்பிக் குடுத்துடுவேன்” என்றார், நான் சொல்வதற்கு முன்பே.