கயிறு இல்லாமல் ஸ்டார்ட் ஆகுமா?

காரைக்கால்மேட்டுக் கரையில் இன்னும் விடியவில்லை. ஃபைபர் படகின் டீசல் என்ஜினில் கயிற்றைச் சுற்றி இழுத்தார் அப்பா. முதல் இரண்டு இழுப்பில் பிடிக்கவில்லை. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கயிற்றைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டார்.

லீவுக்கு வந்திருந்த மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். "எங்க செமினாரும் இந்தக் கயித்தப் பத்திதாம்ப்பா" என்றான்.

"கயித்துல என்னடா படிப்பு?"

சூரியனில் நடக்கும் அணு இணைவைப் பூமியில் நடத்தப் பார்க்கும் இயந்திரம் டோகமாக். வளைய வடிவப் பாத்திரம். உள்ளே பல கோடி டிகிரி சூட்டில் பிளாஸ்மா. காந்தப்புலம்தான் அதைச் சுவரில் படாமல் பிடித்து வைக்கிறது. அதற்குப் பிளாஸ்மாவுக்குள்ளேயே மின்சாரம் ஓட வேண்டும். யார் ஓட வைப்பது?

வளையத்தின் நடு ஓட்டையில் ஒரு பெரிய கம்பிச்சுருள் நிற்கும். பெயர் சென்ட்ரல் சோலினாய்டு. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் தத்துவம்தான்: சுருளில் மின்சாரம் மாறும்போது பிளாஸ்மாவில் மின்சாரம் பிறக்கும். ஆனால் மாறிக்கொண்டே இருக்க முடியுமா? எல்லை வந்ததும் தள்ளுவது நின்றுவிடும். அதற்குப் பிறகு மைக்ரோவேவோ துகள் கற்றையோதான் மின்சாரத்தை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பிரான்சில் கட்டப்படும் ஐடரில் இந்தச் சுருள் மட்டும் 13 மீட்டர் உயரம், சுமார் 1000 டன்!

"ஸ்டார்ட் பண்ற கயித்த என்ஜின் நடுவுலயே கட்டி வச்ச மாதிரி" என்றார் அப்பா.

அதேதான் சிக்கல். உருண்டை வடிவச் சிறிய டோகமாக்குகளில் நடு ஓட்டை மிகக் குறுகல். சுருளும், அதை நியூட்ரான்களிடமிருந்து காக்கும் கவசமும் சேர்ந்து அங்கே அடங்காது. சுருளே வேண்டாம் என்றால் இயந்திரம் சிறிதாகும், செலவு குறையும்.

முடியுமா? ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மைக்ரோவேவை மட்டும் செலுத்தி மின்சாரத்தைத் தொடங்கிக் காட்டினார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் 2006-ல் வேறு வழி: பாத்திரத்தின் அடியில் மின்முனைகளுக்கு இடையே மின்சாரம் பாய்ச்சி, சோப்புக் குமிழ் ஊதுவதுபோல் பிளாஸ்மாவை உள்ளே விட்டார்கள். கிடைத்தது 1.6 லட்சம் ஆம்பியர். ஐடருக்கு வேண்டியதோ 150 லட்சம்.

நம் நாட்டில், காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்.எஸ்.டி-1 இயந்திரத்தில் 2013 ஜூனில் முதல் பிளாஸ்மா பிறந்தது. அதில் சுருள் உண்டு. ஆனால் முதலில் மைக்ரோவேவால் வாயுவை உடைத்துவிடுகிறார்கள். கயிற்றை மெதுவாக இழுத்தாலே பிடித்துக்கொள்ளும்!

"இதுக்கு டீசல் என்ன ஆகும்?" அப்பாவின் கவலை அதுதான். பாதி வருமானம் அதிலேயே போகிறது.

மகன் கடலைக் காட்டினான். ஒரு டன் கடல்நீரில் ஏறத்தாழ 33 கிராம் டியூட்டீரியம் இருக்கிறது. எரிபொருளில் ஒன்று அது.

"அப்ப எண்ணெய் இங்கயே கெடக்கு. ஸ்டார்ட் பண்ணத்தான் தெரியலங்குற."

"ஸ்டார்ட் பண்ணத் தெரியும்ப்பா. கயித்தக் கழட்டத்தான் இன்னும் சரியா தெரியல."

"சரி, ஏறு. நேரமாச்சு."