ரோட்டரிக் கொப்பி

எங்களிட்ட ஒரு கார்கூட இல்லை. ஆனாலும் ஓ.எல். படிக்கிற காலத்தில இருந்து நாங்கள் மூன்று பேரும் ரோட்டரி எஞ்சின் பூட்டின பழைய மஸ்டா கார்களைச் சேர்த்து வாறம். எல்லாம் ஒரு சி.ஆர். கொப்பிக்குள்ளதான். இப்ப கம்பஸ் வந்தும் விடவில்லை.

முதல் பக்கம் கொஸ்மோ ஸ்போர்ட். 1967 இல் வந்தது. 1972 வரைக்கும் 1,176 கார்தான் செய்தார்கள். மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்டனே இல்லை. இடுப்பு ஒடுங்கின முட்டை மாதிரி ஒரு கூடு, அதுக்குள்ள ஒரு முக்கோணம் சுழலும். முக்கோணத்தின் முனைகளில் இருக்கிற சின்னச் சீல்கள்தான் அதின்ட உயிர். தொடக்கத்தில் அந்தச் சீல்கள் கூட்டின் உட்சுவரையே கீறிப் பழுதாக்கின. ‘பிசாசின் நகக்கீறல்’ என்று அதுக்குப் பேர். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியியலாளர்கள் மினக்கெட்டுத்தான் அதைத் தீர்த்தார்கள். 1991 இல் பிரான்சின் லு மான்ஸ் 24 மணித்தியாலப் போட்டியை வென்ற மஸ்டா 787பி ஓடினதும் ரோட்டரியில்தான்.

கொப்பியில் சிவப்புப் பேனையால் ஒரு குறிப்பு இருக்கு. ஓடாமல் கனகாலம் நின்றால் சீல்கள் இறுகிப் போகும், எஞ்சின் அமுக்கம் இழக்கும். பூட்டி வைப்பதும் ஒரு வகையில் பழுதாக்குவதுதான்.

அது எங்களுக்கு விளங்கினது போன மாதம். எங்களில் ஒருத்தன் ஜப்பானுக்கு வேலைக்குப் போகப்போறான். அந்தச் செலவுக்காக அவன்ட அப்பா தன்ட ஹொண்டா சி.டி. 125 ஐ விற்க வேண்டி வந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. குருக்கள்மடத்துக் காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. அவர் மட்டும் காலையில எழும்பித் துடைத்து, எங்கயும் போகாட்டியும் ஸ்டார்ட் பண்ணி விடுவார். 2022 இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்த நேரத்திலும் அதை விடவில்லை. “பெற்றோலைக் காத்தில விடுறார்” என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

வாங்க வந்தவர் கொழும்பில் பழைய ஜப்பான் வண்டிகள் சேர்ப்பவர். “ஓடுவீங்களா அண்ணா?” என்று கேட்டோம். “இல்ல, வச்சிருக்கத்தான்” என்றார். மாமா விலை பேசவில்லை. திறப்பைக் குடுக்கிற நேரம் மட்டும், “கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் ஸ்டார்ட் பண்ணிப் போடுங்க தம்பி” என்றார்.

அன்று பின்னேரம், ரோட்டரி இல்லாத முதல் வண்டியாக அந்த சி.டி. 125 ஐக் கொப்பியில் எழுதினோம். கொப்பியை இனி அவனோடயே அனுப்பப்போறம். ஹிரோஷிமாவில் மஸ்டா அருங்காட்சியகம் இருக்கு. அவன் போய்ப் பார்த்து மிச்சப் பக்கங்களை எழுதட்டும். இங்க எங்கட மேசையில மூடிக் கிடந்தால் அதுவும் இறுகித்தான் போகும்.