கேம்ஷாஃப்ட் சென்சாரும் ஐந்து அங்குல ஒயரும்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மீட்டருக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் நிற 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். மதுரையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவருக்கு அது எரிந்தபோது வண்டி 2,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 2014-ம் வருட டீசல் கார். கடன் போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தவணை இன்னும் முடியவில்லை.

காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால்தான் தொல்லை. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் பிடிக்காது. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்!

அவருடைய நிரந்தர வாடிக்கை ஒரு பெரியவர். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்க் கூட்டி வர வேண்டும். ஒரு சனிக்கிழமை திரும்பும் வழியில் மருந்துக் கடை வாசலில் வண்டி நின்றுவிட்டது. சோர்ந்துபோய்ப் பின் சீட்டில் சாய்ந்திருந்த பெரியவர், "பரவாயில்லப்பா, மெதுவா பாரு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஓட்டுநருக்கு.

முதல் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0340 என்று வந்தது. "கேம்ஷாஃப்ட் சென்சார் போச்சு" என்று 850 ரூபாய்க்கு டூப்ளிகேட் சென்சார் மாட்டினார்கள். நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் பழைய கதை. இரண்டாவது இடத்தில் 2,600 ரூபாய்க்கு ஒரிஜினல் சென்சார். அதுவும் ஒரு வாரம்தான். இரண்டு இடத்துக் கூலி 700. ஆக மொத்தம் 4,150 ரூபாய். வண்டி ஓடாத மூன்று நாள் வருமானம் தனி. வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தார்.

அப்படி இந்தச் சென்சார் என்னதான் செய்கிறது? நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க்‌ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு முறை சுற்றும். பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்பதை கிராங்க் சென்சார் சொல்லும். ஆனால் அது காற்றை அழுத்த வந்ததா, புகையைத் தள்ள வந்ததா என்பது கேம் சென்சார் சொன்னால்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அது தெரியாவிட்டால் எந்த சிலிண்டருக்கு எப்போது டீசல் அடிப்பது? அதனால்தான் பல கார்கள் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கின்றன.

மூன்றாவதாக அவர் போனது தகர ஷெட் போட்ட ஒரு வயதான மெக்கானிக்கிடம். அவர் புதுச் சென்சார் எதையும் எடுக்கவில்லை. "பி0340-ன்னா அந்த சர்க்யூட்ல கோளாறுன்னு அர்த்தம் தம்பி. சென்சார், கனெக்டர், ஒயர் மூணுமே அதுல சேர்ந்ததுதான். பி0016 வந்திருந்தா டைமிங் பக்கம் பார்க்கணும். அது இல்ல" என்றார். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து மல்டிமீட்டர் வைத்தார். சப்ளை 5 வோல்ட் சரியாக இருந்தது. எர்த்தும் சரி. கனெக்டரைத் திரும்ப மாட்டி அரை மணி நேரம் வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு மறுபடி அளந்தார். ஒயர் கட்டை மெதுவாக அசைத்தபோது 5 வோல்ட் சட்டென்று பூஜ்ஜியம்!

டேப்பைப் பிரித்தார். இரும்பு பிராக்கெட்டில் வருடக்கணக்காக உரசி ஒயரின் மேலுறை போய், உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து அறுந்திருந்தன. ஒன்றிரண்டு இழைகள்தான் பட்டும் படாமலும் ஒட்டிக்கொண்டிருந்தன. சென்சார் மாற்றும்போதெல்லாம் ஒயரும் அசைந்து இழைகள் சேர்ந்திருக்கின்றன. அந்த நான்கு நாள் நிம்மதிக்குக் காரணம் புதுச் சென்சார் இல்லை!

கெட்ட பகுதியை வெட்டி, ஐந்து அங்குலப் புது ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, பிராக்கெட்டில் படாமல் தள்ளிக் கட்டினார். ஒயரும் கூலியும் சேர்த்து 350 ரூபாய்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதே மருந்துக் கடை. இன்ஜினை அணைக்க ஒரு நிமிடம் தயங்கினார் ஓட்டுநர். பிறகு அணைத்தார். மாத்திரை வாங்கி வந்ததும் ஒரே சாவியில் பிடித்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை யாராவது ஸ்கேனரைப் பார்த்தவுடன் சென்சார் போச்சு என்றால், "ஒயரைப் பார்த்தாச்சா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.