பாஸ்... ஆனால்!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் அடியில்தான் பார்ப்பான். ஆடிட்டர் சின்ன எழுத்தில் எதையாவது ஒளித்து வைப்பது அங்கேதானே!

போன ஜூனில் கிளாஸ்கோவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டு வாசலில் இன்னொரு வீடு நின்றது. அடுப்பு, படுக்கை, பாத்ரூம் எல்லாவற்றையும் ஒரு வேன் மேல் ஏற்றிய மோட்டார்ஹோம். மூன்றரை டன். செகண்ட் ஹேண்ட். அத்தானுக்கு அது மூன்றாவது குழந்தை. (மற்ற இரண்டும் சோறு கேட்கும், இது டீசல் கேட்கும்.)

மறுநாள் இன்வரேரிக்குக் கிளம்புவதாகத் திட்டம். சுமார் 60 மைல், மலைப்பாதை.

"வண்டி பாஸாயிடுச்சு மாப்ளே!" என்று ஒரு காகிதத்தை நீட்டினார் அத்தான். பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எம்.ஓ.டி. என்று ஒரு சோதனை. நம்மூர் எஃப்.சி.க்கு ஒன்றுவிட்ட அண்ணன். 1960-லிருந்து நடக்கிறது.

வழக்கம்போல் அடியில் பார்த்தேன். நாலு வரி. பிரேக் பைப்பில் துரு. பின் டயர்களின் பக்கவாட்டில் வெடிப்பு. லேசான ஆயில் கசிவு. ஹெட்லைட் கண்ணாடி மங்கல்.

"அதெல்லாம் அட்வைசரி. பெரியவங்க புத்தி சொல்ற மாதிரி. கேட்டுக்கணும், அவ்வளவுதான்!"

அத்தான் சொன்னதில் தப்பில்லை. 2018 மே மாதத்திலிருந்து அங்கே குறைகளைத் தரம் பிரிக்கிறார்கள். 'ஆபத்தானது', 'பெரியது' என்றால் ஃபெயில். 'சிறியது' என்றால் பாஸ், ஆனால் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். அதற்கும் கீழ்ப்படியில்தான் அட்வைசரி: கவனித்து வா, தேவைப்பட்டால் சரிசெய்.

ஆனால் இதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சர்டிபிகேட் சட்டைப்பையில் இருந்தாலும், வண்டி ஆபத்தான நிலையில் ரோட்டில் ஓடினால் குற்றம்தான். பாஸ் என்பது சோதனை நடந்த நாளுக்கு மட்டுமே. மார்ச் 31-ம் தேதி பாலன்ஸ் ஷீட் மாதிரி. ஏப்ரல் 1-ல் கல்லா காலியானால் ஆடிட்டரைப் பிடிக்க முடியுமா?

பாலன்ஸ் ஷீட் என்றதும் 'சென்ற ஆண்டு' கட்டம் ஞாபகம் வந்தது. அரசாங்க இணையதளத்தில் வண்டி நம்பரைத் தட்டினால் பழைய ரிசல்ட் எல்லாம் இலவசமாக வரும். தட்டினேன். போன வருஷம்: 'பிரேக் பைப்பில் லேசான துரு.' இந்த வருஷம் அந்த 'லேசான' காணவில்லை!

"அத்தான், எது சொல்லிட்டுக் கெட்டுப்போகும், எது சொல்லாமக் கெட்டுப்போகும்னு பிரிச்சுப் பார்ப்போமே?"

ஆயில் கசிந்தால் தரையில் சொட்டும். ஸ்டிக்கை உருவி அளவு பார்க்கலாம். ஹெட்லைட்? அங்கே ஜூனில் ராத்திரி பத்து மணிவரை வெளிச்சம். இரண்டும் காத்திருக்கும். ஆனால் பிரேக் பைப்பும் டயரும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ராஜினாமா செய்கிற ஜாதியில்லை.

"கேம்ப் சைட்டுக்குக் கட்டின பணம் போயிடுமேடா!"

"பின் சீட்ல உட்காரப் போறது யாருங்க?" என்றாள் அக்கா. அவ்வளவுதான். பயணம் ஐந்து நாள் தள்ளிப்போனது.

மெக்கானிக் முதலில் டயரைக் காட்டினார். கட்டை அப்படியே இருந்தது. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர், இதில் தாராளமாக ஆறு. ஆனால் பக்கவாட்டில் 2314 என்று நம்பர். 2014-ம் வருஷம், 23-வது வாரம் பிறந்தது! மோட்டார்ஹோம் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். டயர் தேயாது, கிழடாகும்.

பிரேக் பைப்பைச் சுரண்டினார். பெரும்பகுதி மேல்துருதான். அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கிளிப்பைக் கழற்றினார் மெக்கானிக். பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு, தண்ணீரோடு அங்கே தங்கியிருக்கிறது. இரும்பு அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"இது எத்தனை நாள் தாங்கியிருக்கும்?" என்றேன்.

"தெரியாது. அதனால்தான் மாற்றுகிறேன்" என்றார்.

பில் நானூறு பவுண்டைத் தாண்டியது. அத்தான் அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

ஆரோகர் தாண்டி கிளென் க்ரோ பள்ளத்தாக்கில் வண்டி முக்கி முனகி ஏறியது. ஒரு பக்கம் செங்குத்தான மலைச்சரிவு. பெருமழையில் அது ரோட்டுக்கே இறங்கி வருவதுண்டு. உச்சியில், சுமார் 245 மீட்டர் உயரத்தில், அந்த இடத்தின் பெயர் 'ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்'. இளைப்பாறு, நன்றி சொல்! 1740-களில் இந்த மலையில் ரோடு போட்ட சிப்பாய்கள் கல்லில் வெட்டிவைத்த வாசகம்.

இளைப்பாறினோம். பழைய ராணுவ ரோடு கீழே கோடு கிழித்த மாதிரி தெரிந்தது. பிறகு மறுபக்கம், லாக் ஃபைன் கடல்நீர் ஓரம்வரை இறக்கம். முதல் வளைவில் அத்தான் பிரேக்கை அழுத்தினார். மூன்றரை டன் பதமாக அடங்கியது. பின்னால் குழந்தைகள் சீட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"நிக்குது மாப்ளே" என்றார், மெதுவாக.

இன்வரேரியில் இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தோம். காலையில் ஒரே ஒரு சொட்டு. அத்தான் தேதி போட்டு டைரியில் குறித்துக்கொண்டார்.